சேகரிப்புகளில் இல்லாத சைக்கிள்

பழைய சைக்கிள் சேகரிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளோட வந்திருக்கேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. குறிப்பா அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிறவங்க.

"டாக்டருக்கும் பழைய சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? சுகர் குறைய சைக்கிள் ஓட்டுங்கன்னு சொல்லப் போறீங்களா?" என்று கேட்கலாம். ஓட்டுங்க, நல்லதுதான். ஆனா இன்றைக்குப் பேசப் போவது அது இல்லை.

முதலில் நம்ம ஊரிலிருந்து ஆரம்பிப்போம்.

1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார்கள். ஆலை அம்பத்தூரில் வந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்று பர்மிங்ஹாம் பெயர்களைத் தாங்கிய சைக்கிள்கள் நம்ம அம்பத்தூரில் இருந்து நாடு முழுக்கப் போயின.

பிறகு டன்லப் டயர் ஆலை வந்தது. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டேங்க் ஃபேக்டரி வந்தது. ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதினால் கேட்டில் இருந்து ஆறு மாதிரி சைக்கிள் வெளியே வரும் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீங்க.

இன்னொரு விஷயம். அம்பத்தூரில் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் ஆஸ்பத்திரி இருக்கிறதே, அந்த ஸ்டெட்ஃபோர்ட் யார் தெரியுமா? ஏதோ வெள்ளைக்கார டாக்டர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவர் இங்கிலாந்தில் அந்த டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். சைக்கிளுக்குக் குழாய் செய்த கம்பெனிக்காரர் பெயரில் நமக்கு ஒரு ஆஸ்பத்திரி.

சுருக்கமாகச் சொன்னால் சைக்கிள் இந்த ஊருக்குச் சோறு போட்ட பொருள். அதனால் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, பழைய வண்டிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருப்பவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

சரி, சேகரிப்பாளர்கள் எதையெல்லாம் தேடுகிறார்கள்?

முன்னால் ஆள் உயரச் சக்கரமும் பின்னால் சின்னச் சக்கரமும் உள்ள பென்னி ஃபார்த்திங். பெரிய காசும் சின்னக் காசும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி இருந்ததால் அந்தப் பெயர்.

சீட்டுக்குப் பதிலாகத் தொட்டில் மாதிரி வலை கட்டிய டர்ஸ்லி பெடர்சன். மிக்கேல் பெடர்சன் என்ற டென்மார்க்காரர் இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் இருந்து 1890-களில் கொண்டுவந்த வடிவம்.

இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்களுக்காக பி.எஸ்.ஏ. செய்த மடக்கு சைக்கிள். 1942-லிருந்து 1945 வரை சுமார் 70 ஆயிரம் செய்தார்கள். நடுவில் இரண்டு திருகைத் தளர்த்தினால் வண்டி பாதியாக மடியும்.

குட்டிச் சக்கரத்தோடு 1962-ல் வந்த மோல்டன். கம்பி பிரேக்கும் முழு செயின் கவரும் உள்ள பழைய ராலே, ஹம்பர்.

பின் சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூணு கியர் ஹப் இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த ஹப்பின் மேல் செய்த வருஷம் பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்தால் வண்டியின் வயசு தெரிந்துவிடும். நாங்கள் எக்ஸ்ரேயில் எலும்பைப் பார்த்துக் குழந்தையின் வயசைக் கணிக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

புனேயில் விக்ரம் பெண்ட்சே என்பவர் இப்படிச் சேர்த்த சைக்கிள்களை வைத்துக் கர்வே நகரில் 2017-ல் ஒரு அருங்காட்சியகமே திறந்தார். அங்கே அந்த பாராசூட் சைக்கிளும் உண்டு. தனி மனிதர் ஆசைப்பட்டால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா இந்தப் பட்டியல்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வண்டியைத் தேடுகிறேன். நான் பார்த்த வரையில் அது எந்தச் சேகரிப்பிலும் இல்லை.

எந்த வண்டி?

கையால் பெடல் சுற்றி ஓட்டும் மூணு சக்கர சைக்கிள்.

40 வயசு தாண்டியவர்களுக்கு உடனே கண் முன்னால் வந்திருக்கும். சைக்கிள் சக்கரம் மூணு. நடுவில் நாற்காலி மாதிரி ஒரு சீட். நெஞ்சுக்கு நேரே கைப்பெடல். அதிலிருந்து ஒரு செயின். சில வண்டிகளில் இரண்டு கையாலும் சுற்றினால் முன் சக்கரம் ஓடும். சில வண்டிகளில் ஒரு கை பெடலைச் சுற்றும், மறு கை ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பும்.

அந்த வண்டியில் உட்கார்ந்து லாட்டரிச் சீட்டு விற்றவர்களைப் பார்த்திருப்பீங்க. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரி நின்றது. எஸ்.டி.டி. பூத் வாசலில் அந்த வண்டி நிற்கும், உள்ளே அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். செல்போன் வந்ததும் பூத்தும் போனது. வண்டியும் கண்ணிலிருந்து மெல்ல மறைந்தது.

இன்றைக்கு பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் கேட்டுப் பாருங்க. பலருக்கு அப்படி ஒரு வண்டி இருந்ததே தெரியாது.

இது அரிய சைக்கிளா? வித்தியாசமான சைக்கிளா? இரண்டும்தான். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் அதன் வயசு.

நம்ம சைக்கிளின் கொள்ளுத்தாத்தா என்று 1817-ல் கார்ல் டிரைஸ் செய்த மர வண்டியைச் சொல்வார்கள். அதில் பெடல் கிடையாது, காலால் தரையை உந்தி ஓட வேண்டும்.

அதற்கு 162 வருஷத்துக்கு முன்னால், 1655-ல், ஜெர்மனியில் நியூரம்பெர்க் பக்கம் ஆல்ட்டோர்ஃப் ஊரில் ஸ்டீஃபன் ஃபார்ஃப்ளர் என்று ஒரு இளைஞர் இருந்தார். கடிகாரம் செய்பவர். நடக்க முடியாதவர். கடிகாரத்தில் பல்சக்கரம் பல்சக்கரத்தைத் தள்ளுவதை நாள் பூராவும் பார்த்தவர், அதே தத்துவத்தில் தனக்கு ஒரு மூணு சக்கர வண்டி செய்துகொண்டார். கையால் கைப்பிடியைச் சுற்றினால் முன் சக்கரம் ஓடும்.

யோசித்துப் பாருங்க. டிரைஸின் மர வண்டி வருவதற்கு வெகுகாலம் முன்பே, கைப்பிடியைச் சுற்றிச் சக்கரத்தை ஓட்டும் வண்டியைக் கால் வராத ஒருவர் தனக்காகச் செய்துவிட்டார். பென்னி ஃபார்த்திங்குக்கே மூத்த வண்டி இது. சைக்கிள் வரலாறு பேசுகிற யாரும் இதைத் தவிர்க்கக் கூடாது.

அடுத்து, அது எப்படி நம்ம தெருவுக்கு வந்தது? இங்கேதான் டாக்டருக்கு வேலை வருகிறது.

போலியோ வைரஸ் வாய் வழியாகக் குழந்தையின் குடலுக்குள் போகும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது. சாதாரணக் காய்ச்சலோடு போய்விடும். சுமார் 200 குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் வைரஸ் தண்டுவடத்துக்குள் நுழைந்து, தசைகளுக்கு உத்தரவு அனுப்பும் நரம்பு செல்களை அழித்துவிடும். உத்தரவு வராத தசை சூம்பிப் போகும். அந்த செல்கள் திரும்ப முளைக்காது.

இரண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒன்று, போலியோ தாக்குவது தசையை அசைக்கும் நரம்பை. தொடு உணர்ச்சி அப்படியே இருக்கும். இரண்டு, கையை விடக் காலையே அதிகம் தாக்கும்.

அதாவது, ஒரு வயசிலோ இரண்டு வயசிலோ கால் போன குழந்தைக்கு மூளை நன்றாக இருந்தது, கை நன்றாக இருந்தது, தோளில் பலம் இருந்தது. பள்ளிக்கூடம் போக, வேலைக்குப் போக, சினிமாவுக்குப் போக ஆசையும் இருந்தது. இல்லாதது கால் பலம் மட்டும். அந்த உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது கைப்பெடல் சைக்கிள்.

தண்டுவடத்தில் அடிபட்டவர்கள், விபத்திலோ சர்க்கரைப் புண்ணிலோ காலை இழந்தவர்களும் ஓட்டினார்கள். ஆனால் ஊர் ஊராக இந்த வண்டியைத் தேவையாக்கியது போலியோதான்.

பிறகு என்ன ஆச்சு? 1995-ல் நாடு முழுக்கப் பல்ஸ் போலியோ ஆரம்பித்தது. 2009-ல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்கு போலியோ. 2010-ல் 42. 2011-ல் ஒன்று. அந்த ஒன்று, ஜனவரி 13, 2011, மேற்கு வங்காளம் ஹவுராவில் ஒரு குழந்தை. அதோடு சரி. 2014 மார்ச் 27 அன்று நம்ம நாடு இருக்கிற தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கே போலியோ இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

அப்போ இந்த வண்டி ஏன் அரிதானது என்று புரிகிறதா? பென்னி ஃபார்த்திங் அரிதானதற்கு காரணம் அதைவிட நல்ல சைக்கிள் வந்தது. ராலே அரிதானதற்கு காரணம் மோட்டார் பைக் வந்தது. கைப்பெடல் சைக்கிளுக்கும் ஸ்கூட்டர் போட்டியாக வந்தது உண்மை. பக்கச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை அரசே கொடுக்கிறது. ஆனால் பெரிய காரணம், அந்த வண்டி தேவைப்படும் அடுத்த தலைமுறைக் குழந்தைகள் வரவே இல்லை. ஒரு நோயை ஜெயித்ததால் அரிதான சைக்கிள் இது.

எங்கள் துறைக்கு இதைவிடப் பெரிய வெற்றிக் கோப்பை கிடையாது. அந்தக் கோப்பை இன்றைக்குக் காயலாங்கடையில் கிலோ கணக்கில் எடை போடப்படுகிறது.

ஏன் யாரும் எடுத்து வைக்கவில்லை? சேகரிப்பாளர்களிடம் பேசும்போது சில காரணம் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அது சைக்கிள் இல்லைங்க டாக்டர். அது ஊனமுற்றோர் உபகரணம்."

செயின் இருக்கிறது, பல்சக்கரம் இருக்கிறது, ஃப்ரீவீல் இருக்கிறது, ஸ்போக்ஸ் இருக்கிறது, ரிம் இருக்கிறது, பிரேக் இருக்கிறது. பங்க்சர் ஆனால் அதே கடைக்குத்தான் போகிறது. மனுஷன் தன் உடம்பு பலத்தில் ஓட்டுகிறான். இதில் எது சைக்கிள் இல்லை? காலால் ஓட்டினால் சைக்கிள், கையால் ஓட்டினால் உபகரணமா?

"அதில் பிராண்ட் இல்லையே. முன்னால் பித்தளை பேட்ஜ் இல்லை."

உண்மை. கொஞ்சம் வண்டிகள் கான்பூரில் இருக்கும் அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனத்தில் இருந்து வந்தவை. அந்த நிறுவனம் 1972-ல் தொடங்கியது. மற்றவை பட்டறையில் வெல்டிங் வைத்து, இருக்கிற சைக்கிள் பாகங்களைப் பொருத்தியவை. எனக்கு அதுதான் அதன் மதிப்பு என்று தோன்றுகிறது.

பாராசூட் சைக்கிளில் 70 ஆயிரமும் ஒரே அச்சு. கைப்பெடல் வண்டி கடையிலிருந்து வரும்போது ஒரே மாதிரி இருந்தாலும், ஆறு மாசத்தில் அது அந்த ஒரு ஆளின் உடம்புக்குத் தகுந்த மாதிரி மாறிவிடும். இடது கை பலமானவருக்குப் பெடல் இடது பக்கம் போகும். முதுகு வளைந்தவருக்குச் சாய்மானம் ஏறும். ஊன்றுகோல் வைக்க ஒரு வளையம். வெயிலுக்கு மேலே ஒரு ரெக்சின் கூரை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் பின்னால் ஒரு பலகை. அப்படி மாற்றிக் கொடுத்த பட்டறைக்காரருக்கு எந்த இன்ஜினியரிங் காலேஜும் சொல்லித் தரவில்லை. ஓட்டுகிறவரை உட்கார வைத்துப் பார்த்துச் செய்தார்.

"வீட்டில் வைத்தால் நல்லா இருக்காதுங்க. பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க."

வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் உண்மையான காரணம் பல வீட்டில் இதுதான். அபசகுனமாம். அதே வீட்டு வரவேற்பறையில் போர்க்களத்துக்கு என்று செய்த சைக்கிள் இருந்தால் பெருமை. பென்னி ஃபார்த்திங்கில் இருந்து தலைகுப்புற விழுந்து மண்டை உடைந்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். ஓட்டுகிறவரின் கழுத்தை முறிக்கக்கூடிய வண்டி அழகுப் பொருள், ஒரு மனுஷனை 30 வருஷம் பத்திரமாக வேலைக்குக் கொண்டுபோய் விட்ட வண்டி அபசகுனமா? கொஞ்சம் யோசிங்க.

"அதைக் காட்சிக்கு வைத்தால் அவங்களைக் கேவலப்படுத்தின மாதிரி ஆகாதா?"

இது நியாயமான கேள்வி. பதிலும் நிதானமாகச் சொல்ல வேண்டும். பரிதாபத்துக்காக வைத்தால் கேவலம்தான். "ஐயோ பாவம்" என்று ஒரு போர்டு எழுதி வைப்பதற்குப் பதில் வைக்காமலே இருக்கலாம். ஓட்டியவரின் சாமர்த்தியத்தையும் செய்தவரின் மூளையையும் காட்டுவதற்காக வைத்தால் அது மரியாதை. எப்படி வைப்பது, என்ன எழுதுவது என்று ஓட்டியவரையே கேளுங்க. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். மனுஷனை மனுஷன் இழுக்கும் கைரிக்‌ஷாவைத் தமிழ்நாடு 1973-ல் ஒழித்தது. இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். ஒழித்தது நூத்துக்கு நூறு சரி. ஆனால் அப்படி ஒரு கொடுமை சென்னைத் தெருவில் நடந்தது என்பதை இன்றைய பிள்ளைக்கு நம்ப வைக்க, கையில் தொட்டுப் பார்க்க ஒரு வண்டி எத்தனை இடத்தில் இருக்கிறது? சைக்கிள் ரிக்‌ஷாவும் இப்போது அதே வழியில் போய்க்கொண்டு இருக்கிறது. சைக்கிளைத் தலைகீழாக யோசித்து சாணைக்கல்லைச் சுழற்றும் சாணைக்காரர் வண்டி, மீன்பாடி வண்டி, இவையும் அப்படித்தான். ஏழைகள் ஓட்டிய வண்டிகளை நாம் எடுத்து வைப்பதில்லை. தேய்ந்து முடியும் வரை ஓட விடுகிறோம், பிறகு எடைக்குப் போடுகிறோம்.

பூந்தமல்லி நண்பர்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று.

இரண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் டேண்டம் சைக்கிள் சேகரிப்பாளர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கல்யாண ஃபோட்டோ ஷூட்டுக்கு வாடகைக்குக் கூட விடுகிறார்கள். அந்த வண்டியில் பின் சீட்டில் இருப்பவருக்குக் கண் பார்வை தேவையில்லை. முன்னால் இருப்பவர் திருப்புவார், பிரேக் பிடிப்பார். பின்னால் இருப்பவர் பலத்தைக் கொடுத்தால் போதும். பாராலிம்பிக்கில் பார்வை இல்லாத வீரர்கள் இப்படித்தான் டேண்டமில் பந்தயம் ஓட்டுகிறார்கள்.

உங்கள் ஊரிலேயே பார்வைத்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி பல தலைமுறையாக இருக்கிறது. காற்று முகத்தில் அடிக்க சைக்கிளில் வேகமாகப் போவது எப்படி இருக்கும் என்று தெரியாமலே எத்தனை பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள்? உங்கள் ஷெட்டில் டேண்டம் நின்றால், பள்ளியில் முறைப்படி அனுமதி கேட்டு, மைதானத்தில், ஹெல்மெட் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளோடு ஓட்டிப் பாருங்க. நமக்கு அது விசித்திர சைக்கிள். அவர்களுக்கு ஓட்ட முடிகிற சைக்கிள் அது ஒன்றுதான்.

சரி டாக்டர், என்னதான் செய்யச் சொல்றீங்க?

1. முதலில் ஆள், பிறகு வண்டி. ஒருவர் இன்னும் அந்த வண்டியை நம்பி இருக்கிறார் என்றால் அதை விலை பேசாதீங்க. ஐயாயிரம், பத்தாயிரம் என்று காசைக் காட்டி அவர் காலை வாங்கிவிடாதீங்க. அவருக்கு வேறு நல்ல வண்டி கிடைத்து, இது ஓரமாக நிற்கும்போது கேளுங்க.

2. பெயின்ட் அடிக்காதீங்க. பழைய ராலேக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து தங்கக் கோடு போட்டு புதுசாக்குகிறீர்கள், அது உங்கள் இஷ்டம். இந்த வண்டியில் கைப்பிடி எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது, சீட் எந்தப் பக்கம் அமுங்கி இருக்கிறது என்பதுதான் அதன் ஜாதகம். தேய்மானத்தை வைத்து ஓட்டியவரின் எந்தத் தசை வேலை செய்தது என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். துருவை நிறுத்த எண்ணெய் போடுங்க, அதோடு விடுங்க.

3. கேஸ் ஷீட் எழுதுங்க. ஹிஸ்டரி தெரியாத நோயாளியும் ஹிஸ்டரி இல்லாத பழைய வண்டியும் ஒன்று, பார்ப்பவர் தலையைச் சொறிய வேண்டியதுதான். வண்டி எந்த வருஷம் வந்தது, யார் கொடுத்தது, எந்தப் பட்டறையில் என்ன மாற்றினார்கள், தினமும் எங்கிருந்து எங்கே போனார், எந்த மேம்பாலத்தில் யார் பின்னாலிருந்து தள்ளினார்கள், மழையில் என்ன செய்தார். அவர் குரலிலேயே ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்க. பெயரை வெளியே சொல்லலாமா என்று கேட்டுக்கொள்ளுங்க.

4. நீங்களே ஓட்டிப் பாருங்க. ஒரே ஒரு கிலோமீட்டர், சமதளத்தில். பாதியில் தோள் கெஞ்சும். பிறகு அந்த வண்டியைப் பற்றி நீங்கள் பேசுகிற தொனியே மாறிவிடும்.

5. நம்ம ஊர் வண்டிகளுக்கும் இதே மரியாதை கொடுங்க. அம்பத்தூர் ஆலையில் வேலை பார்த்த ரிட்டயர்ட் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃப்ரேமில் பிரேசிங் வைத்தவர், சக்கரத்தில் கோட்டம் எடுத்தவர், பெயின்ட் ஷாப்பில் இருந்தவர். இங்கிலாந்தில் இருந்து வந்த வண்டியின் நம்பரை இணையத்தில் தேடுகிறோம். இங்கே செய்தவரே இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், போய்க் கேட்பதில்லை.

இப்போ, இந்த வண்டியை இன்றைக்கும் ஓட்டுகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு மருத்துவக் குறிப்பு. இதற்காகவே இந்த இழையை யாருக்காவது அனுப்பினாலும் சந்தோஷம்.

சின்ன வயசில் போலியோ வந்து, பல வருஷம் நிலையாக இருந்தவர்களுக்கு, 30, 40 வருஷம் கழித்துப் புதிதாகத் தசை பலவீனம், கடும் அசதி, மூட்டு வலி வரலாம். இதற்குப் பெயர் போஸ்ட் போலியோ சிண்ட்ரோம். வைரஸ் திரும்ப வரவில்லை, யாருக்கும் ஒட்டாது. தப்பிப் பிழைத்த நரம்பு செல்கள் செத்துப் போன செல்களின் வேலையையும் சேர்த்து இத்தனை வருஷம் பார்த்துக் களைத்துவிட்டன என்று புரிந்துகொள்ளலாம்.

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீங்க. "எக்சர்சைஸ் பண்ணு, பலம் வரும்" என்று விரட்டவும் செய்யாதீங்க. களைத்த தசையை மேலும் விரட்டினால் இன்னும் பலவீனமாகும். பிசியோதெரபிஸ்ட் அளந்து கொடுக்கும் பயிற்சி, நடுநடுவே ஓய்வு, இதுதான் வழி.

அடுத்து தோள். நம்ம தோள் மூட்டு கையை நாலா பக்கமும் திருப்ப அமைந்தது. நாள் முழுக்க ஒரு உடம்பையும் வண்டியையும் இழுக்க அமைந்தது இல்லை. பல வருஷம் கைப்பெடல் சுற்றியவர்களுக்குத் தோள் தசைநார் தேய்ந்து கையைத் தூக்க முடியாமல் போகலாம். மணிக்கட்டில் நரம்பு அழுத்தம் வந்து விரல் மரத்துப் போகலாம். கால் ஏற்கனவே இல்லாதவருக்குக் கையும் போனால் அவர் வாழ்க்கையே முடங்கிவிடும். ஆரம்பத்திலேயே காட்டுங்க.

தண்டுவடத்தில் அடிபட்டு இந்த வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. சீட்டில் அழுத்திப் புண் வந்தாலும் தெரியாது. நல்ல மெத்தை, நடுநடுவே கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குவது, தினமும் கண்ணாடி வைத்தோ வீட்டாரை வைத்தோ தோலைப் பார்ப்பது, மூணும் கட்டாயம்.

மோட்டார் வண்டிக்கு மாற வேண்டிய நிலை வந்தால் கூச்சப்படாமல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்க. அம்பத்தூர்க்காரர்களுக்குச் சென்னை மாவட்டம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர் மாவட்டம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

கடைசியாக, இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு என் பதில்.

சமீப காலமாகச் சில இளம் அப்பா அம்மாக்கள் கேட்கிறார்கள். "டாக்டர், போலியோதான் நாட்டுலயே இல்லையே, குழந்தைக்கு எதுக்கு சொட்டு மருந்து, ஊசி எல்லாம்?" படித்தவர்கள்தான் கேட்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. போலியோ வந்த காலை அவர்கள் பார்த்ததில்லை. அந்த வண்டியையும் பார்த்ததில்லை. கண்ணால் பார்க்காத ஒன்றுக்குப் பயப்பட யாராலும் முடியாது.

பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வைரஸ் இன்னும் ஓயவில்லை. அது ஏறி வர ஒரு விமானப் பயணம் போதும். நம்ம குழந்தைகளைக் காப்பது தடுப்பு மருந்து மட்டும்தான். இதை நான் கிளினிக்கில் அரை மணி நேரம் புள்ளிவிவரத்தோடு சொல்லலாம். அதற்குப் பதில் உங்கள் ஷெட்டில் ராலேக்கும் ஹெர்குலிஸுக்கும் நடுவில் ஒரு கைப்பெடல் சைக்கிள் நின்றால், உங்கள் பேரன் கேட்பான், "இது என்ன தாத்தா, பெடல் மேலே இருக்கு?" நீங்கள் சொல்லும் பதில் என் அரை மணி நேரத்தை விட நன்றாக வேலை செய்யும்.

அதனால் சேகரிப்பாளர்களே, அடுத்த தடவை ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் தேடிக் காயலாங்கடைக்குப் போகும்போது, மூலையில் மூணு சக்கரத்தோடு, நெஞ்சு உயரத்தில் பெடலோடு ஏதாவது நிற்கிறதா என்று ஒரு கண் பாருங்க. நின்றால், கட்டர் வைப்பதற்கு முன்னால் வாங்கிவிடுங்க. விலை ஒன்றும் பெரிதாக இருக்காது. வாங்கின கையோடு, யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டு அந்த வீட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வாங்க.

உங்கள் வீட்டில், தெருவில் இப்படி ஒரு வண்டி இருந்ததா? யார் ஓட்டினார்கள், எங்கே போனார்கள்? அவர்கள் சம்மதத்தோடு கீழே எழுதுங்க. நேரம் கிடைக்கும்போது எல்லாவற்றையும் படிக்கிறேன்.